முதல் கொடையாளரின் உதடு

வேலை கேட்டுப் போய்க் கிடைக்காமல் திரும்பியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெண் கேட்டுப் போய்த் திரும்பியவர்களையும் பார்த்திருப்பீர்கள். தன் முகம் அச்சடித்த பேனருக்குக் கீழே படுத்து, கையில் பட்டை கட்டி, ஊசி குத்தப் போகும் நேரத்தில் “உங்க ரத்தம் வேண்டாம், எழுந்திருங்க” என்று அனுப்பப்பட்டவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவன் நான்தான். அன்றைக்குப் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. இன்றைக்கு யார் கேட்டாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்து நானே சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு, சிறுசேரியில் வேலை, முகம் முழுக்கப் பரு. சாதாரணப் பரு இல்லை. பதின்ம வயதில் வந்து மரியாதையாகப் போய்விடும் பருவை எல்லாம் நான் பரு என்றே மதிப்பதில்லை. என்னுடையது கன்னத்தில் தொடங்கி, கழுத்தில் இறங்கி, முதுகு வரைக்கும் பட்டா போட்டு உட்கார்ந்திருந்தது. வீடியோ மீட்டிங்கில் எனக்கு மட்டும் கேமரா வேலை செய்யாது (மூன்று வருடமாக வேலை செய்யாத கேமரா. ஒருவரும் சந்தேகப்படவில்லை).

என் பருவுக்கு எதிராக அம்மா ஒரு பொடி கண்டுபிடித்திருந்தாள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், காயவைத்த வேப்பிலை, இன்னும் அவள் எனக்குச் சொல்லாத இரண்டு சாமான்கள். தினமும் காலையில் கிண்ணத்தில் குழைத்துக் கையில் கொடுப்பாள். மாத்திரை என்ற பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. வண்டலூர் சித்தி யாரோ ஒருவர் பரு மாத்திரை தின்று ஈரல் கெட்டுப் போன கதையை ஒருமுறை சொல்லியிருந்தாள். அந்த யாரோ ஒருவர் யார் என்று சித்திக்கே தெரியாது. ஆனால் அவருடைய ஈரலை அம்மா ஒரு நாளும் மறக்கவில்லை.

ஆகவே நான் அம்மாவுக்குத் தெரியாமல் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்து, ஐசோட்ரெடினாயின் என்று சொல்லும்போதே வாய் சுளுக்கும் ஒரு மாத்திரையை எழுதினார். மாதா மாதம் ரத்தப் பரிசோதனை, வெயிலில் சுற்றக்கூடாது, குடிக்கக்கூடாது, வேறு சத்து மாத்திரை கேட்காமல் போடக்கூடாது என்று அடுக்கிக் கொண்டே போய், கடைசியில் ஒரு தாளை நீட்டினார்.

“இதுல எல்லாம் எழுதியிருக்கு. முழுசாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

நான் சாஃப்ட்வேர்க்காரன். வாழ்நாளில் எத்தனையோ பக்க நிபந்தனைகளை ஒரு வரிகூடப் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அமுக்கியவன். அதே வேகத்தில் கையெழுத்துப் போட்டேன். மாத்திரை அட்டையில் வயிறு பெரிதான ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு அதன் மேல் சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துவிட்டு லேப்டாப் பையின் உள்ளறையில் ஒளித்து வைத்தேன்.

முதல் மாதம் பரு இரண்டு மடங்கானது. போவதற்கு முன் எல்லோரும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள் போலிருக்கிறது. இரண்டாம் மாதம் உதடு போய்விட்டது. அதாவது, உதடு இருந்தது. ஆனால் என் வசத்தில் இல்லை. வெடித்து, உரிந்து, டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் ஒட்டிக் கொண்டு வர மறுத்தது. மிளகாய் பஜ்ஜியை ஜென்ம விரோதியாகப் பார்த்தேன். யாராவது ஜோக் சொன்னால் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக் கொண்டுதான் சிரிப்பேன். கண் வறண்டது, மூக்கு வறண்டது, சில நாள் காலையில் தும்மினால் ரத்தம் வரும். குனிந்து ஷூ மாட்டினால் முதுகு என்னைப் பெயர் சொல்லித் திட்டும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் மாத்திரை உடம்பில் சேரும் என்று சொல்லியிருந்ததால், ஆபீஸ் கேன்டீனில் தினமும் நெய் ரோஸ்ட். (பக்கவிளைவுகளில் எனக்குப் பிடித்த ஒன்றே ஒன்று இதுதான்.)

உரிந்து கொண்டிருந்த அந்த முகத்தில் அம்மாவின் பொடியை வைத்தால் தீப்பிடித்தது. அதனால் கிண்ணத்தை வாங்கிக் கொண்டு பாத்ரூமுக்குள் போய், ஓட்டையில் ஊற்றித் தண்ணீர் விட்டுவிடுவேன். நாலாவது மாதம் பாத்ரூம் அடைத்துக் கொண்டது. பிளம்பர் வந்து குழாயிலிருந்து மஞ்சள் சேறாக அள்ளி எடுத்தார். “பில்டர் குழாய்க்குள்ள மண்ணப் போட்டு மூடியிருக்கான்” என்று அம்மா குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசி, பில்டரை நேரில் வரவழைத்து மன்னிப்பே கேட்க வைத்துவிட்டாள். பாவம், நல்ல மனிதர்.

ஐந்தாவது மாதம் அதிசயம் நடந்தது. முகம் தெளிந்துவிட்டது. எனக்கே அடையாளம் தெரியாத ஒருவன் கண்ணாடியில் நின்றான். அம்மா பூரித்துப் போனாள். பொடியின் புகழ் ஐந்து மாடிக்கும் பரவி, பன்னிரண்டு வீட்டிலிருந்து டப்பாவோடு வந்து நின்றார்கள். “உதடு மட்டும் ஏன்டா இப்படி இருக்கு?” என்று கேட்டபோது “பனிம்மா” என்றேன். சென்னையில் பனியால் உதடு வெடித்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

இந்தப் புது முகத்தின் திமிரில்தான் குடியரசு தின ரத்ததான முகாமை நான் கையில் எடுத்தேன். எங்கள் சங்கத் தலைவர் ஞானசேகரன் சார், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது. “தம்பி, ஆள் சேர்க்க முடியுமா?” என்றார். நான் பத்து நாள் அலைந்தேன். வாசலில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க என் பேச்சை நம்பிப் பெயர் கொடுத்தது. “எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். மொதல்ல நானே படுத்துக் காட்டுறேன்” என்று வாக்குக் கொடுத்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் முகத்தை இன்னும் பளபளப்பாக்கி, ‘முதல் கொடையாளர்: தினேஷ்’ என்று ஆளுயரத்துக்கு அடித்துக் கொடுத்தார்.

ஜனவரி இருபத்தாறு, கொடியேற்றி முடித்து, கார் பார்க்கிங்கில் கட்டில் போட்டார்கள். படிவத்தில் ‘மருந்து எதுவும் உட்கொள்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு என் கை தன் பழக்கத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டது. எடை சரி, அழுத்தம் சரி. படுத்தேன். கையில் பட்டை கட்டினார்கள். ஞானசேகரன் சார் என் தலைமாட்டில் மைக்கோடு நின்றார். அம்மா எதிரே ஜூஸ், பிஸ்கட் மேஜையில் இருந்தாள்.

முகாமுக்கு வந்திருந்த பெண் டாக்டர் குனிந்து என்னைப் பார்த்தார்.

“உதடு ஏன் இப்படி வெடிச்சிருக்கு?”

“பனி மேடம்.”

அவர் சிரித்தார். “நான்கூட பரு மாத்திரையோன்னு பயந்துட்டேன். அந்த மாத்திரை சாப்பிடுறவங்க ரத்தம் குடுக்கவே கூடாது. அது கர்ப்பமா இருக்கிற ஒரு பொண்ணுக்கு ஏத்தினாங்கன்னா வயித்துல இருக்கிற குழந்தைக்கு ஆபத்து” என்றார். சொல்லிவிட்டு நர்ஸிடம் “ஸ்டார்ட் பண்ணலாம்” என்று நகர்ந்தார்.

அவ்வளவுதான். நான் வாயை மூடிக் கொண்டு படுத்திருந்தால் போதும். மேலே என் பளபளப்பான முகம் என்னைப் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்தது. எனக்கோ அந்த மாத்திரை அட்டைதான் கண்ணில் நின்றது. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்த அந்தப் பெண். அவள் இப்போது எந்த ஆஸ்பத்திரியிலோ, யார் கொடுக்கும் ரத்தத்துக்கோ காத்துக் கொண்டிருக்கலாம்.

“டாக்டர்! நான் பரு மாத்திரைதான் சாப்பிடுறேன். ஏழு மாசமா!”

முதல் கொடையாளர் ஏதோ நாலு வார்த்தை பேசப் போகிறார் என்று நினைத்து ஞானசேகரன் சார் சரியான நேரத்தில் மைக்கை என் வாயருகே நீட்டியிருந்தார். ஐந்து மாடியும், ஆட்டோ ஸ்டாண்டும், எதிர் மளிகைக் கடையும் குழாய் ஒலிபெருக்கி வழியாக என் பருவின் சரித்திரத்தைக் கேட்டன. ஜூஸ் மேஜையில் ஒரு டம்ளர் விழுந்தது.

டாக்டர் திரும்பி வந்து பட்டையை அவிழ்த்தார். “வேண்டாம், எழுந்திருங்க. கடைசி மாத்திரை போட்டு ஒரு மாசம் போகட்டும், வாங்க. தேங்க்ஸ், சொன்னதுக்கு.” கையெழுத்துப் போட்ட தாளிலும் அது இருந்திருக்கிறது என்று பிறகு பார்த்தேன். ஆறாவது வரி.

எழுந்து நின்றேன். வெட்கத்தில் முகம் கொதித்தது. அந்தக் கொதிப்பில் என் வறண்ட மூக்கு அதுவரை காத்திருந்ததைச் செய்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் கொட்டியது. போட்டோகிராபர் விடாமல் எடுத்தார். ஞானசேகரன் சார் மைக்கை விடவில்லை. “தம்பி எப்படியாவது ரத்தம் குடுத்தே தீருவேன்னு நிக்கிறார்!” என்றார்.

நான் மூக்கைப் பிடித்துக் கொண்டு திரும்பினால், பின்னால் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்திருந்தன. ஆட்டோ ஸ்டாண்டு ஏழுமலை அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கொண்டே சொன்னார்.

“இன்னா தம்பி, பத்து நாளா எறும்பு கடிக்கிற மாதிரின்னு சொல்லிக்கினு இருந்த. ஊசியக் கண்டதும் மாத்திரை, மண்ணாங்கட்டின்னு எந்திரிச்சுக்கினியே! நீயே பயந்தா நாங்க இன்னாத்துக்குப் படுக்கணும்? வாங்கடா போலாம்.”

“பயம் இல்லண்ணா, நெஜமாவே மாத்திரை...” என்றேன். மூக்கைப் பிடித்துக் கொண்டு பேசுகிறவனை யார் நம்புவார்கள்? கட்டில்கள் ஆறும் காலியாகக் கிடந்தன. ரத்தம் பிடிக்கக் கொண்டு வந்த பைகள் பெட்டியிலேயே இருந்தன. என் பத்து நாள் உழைப்பு கேட்டைத் தாண்டிப் போய்க் கொண்டிருந்தது.

அப்போது அம்மா வந்தாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

“ஏழு மாசமா?”

“ஆமாம்மா.”

“அப்ப நான் தெனம் குழைச்சுக் குடுத்த பொடி?”

நான் தலையைக் குனிந்தேன். “பாத்ரூம் குழாயில...”

அம்மா முந்தானையைக் கீழே விட்டாள். “அடப்பாவி. அப்ப பில்டர் மேல தப்பே இல்லையா?”

மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. பார்க்கிங்கே வெடித்துச் சிரித்தது. கேட்டுக்கு வெளியே போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஞானசேகரன் சாரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள் (அதைச் செய்த ஒரே மனிதப் பிறவி இன்று வரை அவள்தான்).

“இவன் என்கிட்ட ஏழு மாசம் பொய் சொன்னான். அத வீட்டுல வெச்சு நான் பாத்துக்கறேன். ஆனா இங்க வாயத் தொறக்காம படுத்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எவளோ முகம் தெரியாத புள்ளத்தாச்சிக்காக இத்தன பேர் முன்னாடி வாயத் தொறந்து சொன்னான் பாருங்க, அது பயந்தவன் செய்யற வேலையா? ஏழுமலை, நீயே சொல்லு. அந்தக் கட்டில் காலியா இருக்கக் கூடாது. என் பேர எழுதிக்கோங்க. சகுந்தலா. வயசு அம்பத்தொண்ணு.”

ஊசி என்றால் என் அம்மாவுக்கு எவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரியாது. காய்ச்சலுக்கு ஊசி போடப் போய், கம்பவுண்டர் பஞ்சை எடுத்ததுமே செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தவள். விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்ததற்கே “முருகா” என்றாள். ஹீமோகுளோபின் பதின்மூன்று, பன்னிரண்டரை இருந்தாலே போதும். அவளுக்குப் பின்னால் வந்த ஐடி கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் பதினொன்றில் தோற்று ஜூஸ் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா கண்ணை இறுக மூடி, என் கையைப் பிடித்துக் கொண்டு படுத்தாள். ஊசி அவளுக்குக் குத்தியது. கத்தியது நான். அவள் நகம் பதிந்த இடம் இப்போதும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

ஏழுமலை அண்ணன் அவ்வளவு நேரமும் கட்டிலருகிலேயே நின்று பார்த்தார். பிறகு சட்டைக் கையை மறுபடி மேலே ஏற்றினார்.

“அம்மாவே குடுத்துக்கினு கீறாங்கோ. நமக்கு இன்னா கேடு? வாங்கடா!”

அன்றைக்கு முப்பத்தோரு பேர் ரத்தம் கொடுத்தார்கள். அந்த முப்பத்தோரு பேரில் நான் இல்லை என்பதைப் பற்றி எனக்கு இன்றைக்கு அவ்வளவு பெருமை. அன்று என் வாழ்க்கையிலேயே மிக அசிங்கமாக இருந்த நேரத்தில்தான் நான் மிக ஒழுங்காக நடந்து கொண்டிருக்கிறேன். அதை முதலில் கண்டுபிடித்தது என் அம்மா.

மாத்திரை இன்னும் ஒரு மாதம் ஓடி முடிந்தது. பரு திரும்பவில்லை. பாதி மாத்திரை, பாதி தன் பொடி என்று அம்மா கணக்குத் தீர்த்துவிட்டாள். குழாய் வழியாகப் போன பொடி எப்படி முகத்துக்கு வந்தது என்று யாரும் கேட்கக் கூடாது. பில்டர் வீட்டுக்கு ஒரு டப்பா லட்டு போயிற்று. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மறைக்கிறார்கள் என்று தெரிந்தால் “மைக்கக் கொண்டு வரட்டுமா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கல்யாணமாகி வந்த ஒரே வாரத்தில் என் மனைவியும் அதைக் கற்றுக் கொண்டுவிட்டாள்.

இப்போதெல்லாம் பேனரில் அம்மாதான். முதல் வருடம் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வழக்கம்போல் முகத்தை வழவழப்பாக்கி, கன்னத்து மச்சத்தையும் சேர்த்து அழித்துவிட்டார். அம்மா நேரே கடைக்குப் போய், “என் மச்சத்தக் குடு” என்று நின்று, திரும்ப அடித்து வாங்கி வந்தாள்.

முதல் கட்டில் அவளுக்கு, இரண்டாவது கட்டில் எனக்கு. போன ஜனவரியிலும் படுத்திருந்தோம். புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர் என் முகத்தைக் குனிந்து பார்த்து, “உதடு ஏன் சார் லேசா வெடிச்சிருக்கு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து, கண்ணை இறுக மூடியபடியே குரல் வந்தது.

“இந்தத் தடவ நெஜமாவே பனிதான் டாக்டர். காலையிலயே இவன் பையச் சோதிச்சுட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்.”