செட்டிங்ஸ் ஃபைலும் எட்டுப் பல்வலிக்காரர்களும்

“அடுத்த பலி ஆடு உள்ளே வரவும்!”

ஒலிபெருக்கி கூப்பிட்டதும் ஒருவர் எழுந்தே விட்டார். பல் மருத்துவரான அக்கா பதறிப்போய், “ஒரு நிமிஷம் உட்காருங்க சார்” என்று கதவைச் சாத்திவிட்டுத் தம்பியின் காதைப் பிடித்தாள்.

“இன்னிக்குத்தான்டா கிளினிக்கே திறந்திருக்கேன். வெளியில எட்டுப் பேர் உட்கார்ந்திருக்காங்க. என்னடா இது?”

“சோதனைக்கு எழுதின வரிதான் அக்கா. எடுக்க மறந்துட்டேன்.” புரோகிராம் எழுதுவது அவன் தொழில்; நோயாளிகளைக் கூப்பிடும் இந்தப் புரோகிராமும் அவன் எழுதியதுதான். “புரோகிராமுக்குப் பக்கத்துலயே, எப்படிக் கூப்பிடணும்னு எழுதின செட்டிங்ஸ் ஃபைல் வச்சிருக்கேன். அதுல மரியாதையாத்தான் இருக்கு. ஏன் படிக்க மாட்டேங்குதுன்னு தெரியல.”

தேடியதில் தெரிந்தது. புரோகிராம் முழுவதையும் ஒரே ஃபைலாக மூட்டை கட்டியிருந்தான். ஓடத் தொடங்கியதும் அந்த மூட்டை ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டரில் தன்னைப் பிரித்துக்கொண்டு, செட்டிங்ஸையும் அங்கேயே தேடியது. கிடைக்காமல் சோதனை வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

“அவ்வளவுதானே!” என்று செட்டிங்ஸை அந்த ஃபோல்டரிலேயே கொண்டுபோய்ப் போட்டான். அவசரத்தில் போட்டது பழைய பிரதி. அதில் ஒலி அளவு மட்டும்தான் இருந்தது. நூறு.

“அடுத்த பலி ஆடு உள்ளே வரவும்!” ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

“தெருவுக்கே கேட்டிருக்கும்டா!”

“இரு அக்கா, ரெண்டு ஃபைலையும் சேர்த்துப் படிக்கச் சொல்றேன்.”

சேர்த்தே படித்தது, சோதனை வரியையும் விடாமல் கலந்து. “அடுத்த பலி ஆடு அன்புகூர்ந்து உள்ளே வரலாம்!”

வெளியிலிருந்து யாரோ “மே...” என்றார்கள். அக்காவின் முகம் சிவந்தது.

“பிடுங்கற ஆயுதம் எல்லாம் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ.”

தம்பிக்கு வேர்த்துவிட்டது. சோதனை வரியை அடியோடு அழித்தான். புரோகிராம் எங்கே இருக்கிறதோ அங்கேயே செட்டிங்ஸைத் தேடும்படி மாற்றினான். ஒலியைக் குறைத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டான்.

“மதிப்பிற்குரிய அடுத்தவர் அன்புகூர்ந்து உள்ளே வரலாம்.”

“இப்பத்தான்டா கிளினிக் மாதிரி இருக்கு!” அக்கா அவன் முதுகில் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

யாரும் வரவில்லை.

கதவைத் திறந்தாள். எட்டு நாற்காலிகளும் காலி. கடைசி ஆள் கன்னத்தைப் பிடித்தபடி வேகவேகமாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் சார் போறீங்க?”

“இவ்வளவு நேரம் வலியை மறந்து சிரிச்சுக்கிட்டு இருந்தோம் டாக்டர். திடீர்னு இவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டா, உள்ள என்னமோ பெருசா பண்ணப் போறீங்கன்னுதானே அர்த்தம்!”