போஸ்டர் தின்ற வேட்பாளர்

நகரசபைத் தேர்தலில் அந்த வார்டுக்கு ஐந்து வேட்பாளர்கள். நான்கு பேருக்கு இரண்டு கால். ஐந்தாவது ஆடு. கூட்டமெல்லாம் ஆட்டின் பின்னால்தான்.

ஏன் என்று கேட்டால் அடிக்க வருவார்கள். அது ஞான ஆடாம்! சுவரில் எல்லாருடைய போஸ்டரையும் ஒட்டினால், கெட்டவனுடையதை மட்டும் கிழித்துத் தின்னும். தன் போஸ்டர் பக்கம் தலைவைத்தும் படுக்காது. "பொய்யனைப் பல்லாலே அடையாளம் காட்டும் தெய்வம்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கியவர் ஆட்டின் சொந்தக்காரர். ஊர் அவரை வாக்குச்சாமி என்றது. போன வருடம் வரை வழுக்கைத் தலைக்கு எண்ணெய் விற்றவர். முடி முளைக்கவில்லை, பக்தர்கள் முளைத்துவிட்டார்கள். ஆட்டுக்குக் கையெழுத்து வராது என்பதால் வேட்புமனுவில் மட்டும் சாமியின் பெயர். அடேயப்பா, என்ன தியாகம்!

தையல்காரர் அந்தக் கூட்டத்தில் முதல் வரிசை. ஆட்டுக்குப் பிரசார அங்கி தைத்தவரே அவர்தான். அளவெடுத்தபோது ஆடு அவருடைய வியர்த்த கையை நக்கு நக்கென்று நக்கியது. கையில் இருந்த அளவு நாடாவையும் பாதி விழுங்கியது. மனிதருக்குப் புல்லரித்துவிட்டது. ஆசீர்வாதம் போய்விடும் என்று அன்று முழுக்கக் கை கழுவவில்லை. அந்தக் கையாலேயே சாப்பிடவும் செய்தார்.

அதோடு நின்றாரா? மகளுக்குப் பார்த்து முடித்த மாப்பிள்ளையின் போட்டோவையும் சாமியிடம் கொண்டுபோனார். மாப்பிள்ளை பேருந்து ஓட்டுநர், தங்கமான பையன். ஒரு நாள் ஆட்டின் ஊர்வலம் வழிமறித்தபோது ஹாரன் அடித்துவிட்டான். அவன் செய்த பாவம் அவ்வளவுதான். சாமி போட்டோவைச் சுவரில் ஒட்டினார். ஆடு காதில் தொடங்கி மீசையில் முடித்தது. கல்யாணம் நின்றது.

"ஆடு சாப்பிட்டுடுச்சும்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் தையல்காரர் வீட்டில்.

"ஆடு சாப்பிடாம பின்ன படிச்சா பார்க்கும்?" என்றாள் மகள்.

துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தினாள். "உங்க நாடாவையும்தான் தின்னுச்சு. அப்போ நாடாவும் அயோக்கியனா?"

தையல்காரர், "ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்று கத்தினார்.

மகளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் ஆடா இரங்கப் போகிறது? முகத்தைக் கழுவிக்கொண்டு கடைசிப் பிரசாரக் கூட்டத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே சுவரோரம் சாமி. அவர் காலடியில் இரண்டு பசை வாளிகள். எதிரிகளின் போஸ்டருக்குச் சிவப்பு வாளி, ஆட்டின் போஸ்டருக்குப் பச்சை வாளி. இத்தனை நாளும் எல்லாரும் பார்த்ததுதான். யாரும் கேட்கவில்லை.

"சாமி, எல்லாம் ஒரே காகிதம், ஒரே சுவர். எதுக்கு ரெண்டு வாளி?"

"பாவிக்கும் புண்ணியவானுக்கும் ஒரே பசையாம்மா?"

"அப்போ இன்னைக்கு மாத்தி ஒட்டுங்களேன். ஞான ஆடு, பசையைப் பார்த்தா ஏமாறப் போகுது?"

சாமியின் முகம் வெளுத்தது. "ஆட்டுக்கு... வயிறு சரியில்லை." அந்த நேரம் பார்த்து ஆடு தன் அங்கியின் ஓரத்தை ஆனந்தமாக மென்றுகொண்டிருந்தது.

முதல் வரிசையில் நின்ற தையல்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தெய்வத்தைச் சந்தேகப்படுவது பெற்ற மகளா? "நீங்க தள்ளுங்க சாமி, நானே ஒட்டுறேன். நம்ம ஆடு யாருன்னு இவளுக்குத் தெரியட்டும்!" சாமி கையைப் பிடித்துத் தடுத்தார். பக்தி தடைக்கெல்லாம் நிற்குமா? ஆட்டின் போஸ்டருக்குச் சிவப்பு வாளிப் பசை. மகள் நீட்டிய மாப்பிள்ளையின் இன்னொரு போட்டோவுக்குப் பச்சை வாளிப் பசை.

ஆடு வந்தது. மாப்பிள்ளையை முகர்ந்தது, ஒரு தும்மல் போட்டது, திரும்பிக்கொண்டது. அடுத்து தன் போஸ்டரை ஒரே இழுப்பாக இழுத்தது. முதலில் தன் கொம்பைத் தின்றது. பிறகு அதே படத்தில் கீழே கைகூப்பி நின்ற சாமியைத் தலையோடு தின்றது. மிச்சத்துக்குச் சுவரை நக்கியது.

தையல்காரர் சிவப்பு வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். உப்பு! பச்சை வாளியைத் தொட்டு வைத்தார். மிளகாய்! கண்ணில் தண்ணீர் கொட்டியது. அன்று ஆடு நக்கியதும் கையில் இருந்த வியர்வை உப்பைத்தான் என்பது அப்போதுதான் அந்த மரமண்டைக்கு உறைத்தது.

சாமியைத் தேடினார்கள். ஆட்டையும் விட்டுவிட்டு ஆள் கம்பி நீட்டியிருந்தார்.

"மாப்பிள்ளைக்குப் போன் போடும்மா," என்றார் தையல்காரர் மெதுவாக.

"நீங்க நிறுத்தின கல்யாணம். நீங்களே போடுங்கப்பா."

"என்னன்னு சொல்ல?"

"'மாப்பிள்ளே, உங்களைத் தின்ன ஆடு துப்பிடுச்சு'ன்னு சொல்லுங்க."

அவர் போனை எடுத்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "தம்பி, என்னை மன்னிச்சிடுங்க," என்று ஆரம்பித்தார். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பின்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பார்த்தீங்களா? சாமிதான் போலி, ஆடு நிஜம்! பொய்யன் மூஞ்சியைக் கரெக்டா தின்னுடுச்சே!" உடனே நாலைந்து பேர் ஆட்டின் காலில் விழுந்தார்கள். ஆடு அவர்களுடைய வியர்த்த நெற்றியை நக்கியது.

அந்த ஆடுகூட உப்பா, காரமா என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயை வைக்கிறது. ஓட்டுப் போடப் போகிறவர்களே, நீங்கள்?