நீங்கள் முதலில், சம்பந்தி!

உலகத்தைக் கொள்ளைநோய்களிடமிருந்து காப்பாற்றும் சர்வதேச விதிகளை ஒருவழியாகப் பலப்படுத்தியாகிவிட்டது. பல நாட்டு அறிஞர்கள் ஒரு பெரிய மண்டபத்தில் கூடி, தொண்டை வறளப் பேசி, இந்தக் காரியத்தை முடித்தார்கள். அதன்படி, புதிய நோய் எந்த நாட்டில் முதலில் தென்படுகிறதோ அந்த நாடு உடனே அறிவிக்க வேண்டும். அறிவித்த நாட்டுக்கு மற்ற நாடுகள் எழுந்து நின்று நன்றி சொல்லும். நன்றி சொன்ன கையோடு அதன் எல்லைகளை மூடிவிடும். இரண்டாவதாக அறிவிக்கும் நாட்டுக்கு மருந்தும் மருத்துவர்களும் வந்து சேருவார்கள்.

இந்த விதியின் அழகை முழுசாக உணர்ந்தவர் எல்லை ஆற்றுப் பாலத்துச் சுகாதார அதிகாரி ஒருவர்தான். ஆற்றின் இக்கரை ஒரு நாடு, அக்கரை இன்னொரு நாடு. அக்கரையிலும் இதே மாதிரி ஓர் அலுவலகம், இதே மாதிரி ஓர் அதிகாரி. இருவரும் கடிதத்தில் பழகி, நேரில் பழகி, கடைசியில் சம்பந்தம் பேசும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். நம்மவரின் மகளுக்கும் அவருடைய மகனுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் கல்யாணம்.

திங்கட்கிழமை காலை மகளே அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அதே அலுவலகத்தின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்தான் அவளுக்கு வேலை.

"அப்பா, பாலத்துல ஒரு லாரி டிரைவருக்கு நெருப்பாக் கொதிக்குது. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஓயாமச் சொறியறாரு. ரத்தத்தைப் பாத்தேன், இதுவரைக்கும் யாரும் பாக்காத கிருமி. உடனே அறிவிக்கணும்."

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நல்லாப் பாத்தியாம்மா?"

"மூணு தடவை பாத்தேன்."

"அதான். ஒரேயடியாப் பாத்துக்கிட்டே இருந்தா எதுவும் புதுசாத்தான் தெரியும்."

அறிவித்தால் அன்றைக்கே பாலம் மூடப்படும். மாப்பிள்ளை அக்கரையில், பெண் இக்கரையில். ஏற்கெனவே ஒரு இடம் கூடி வந்து தட்டிப்போய், மகள் அறைக்குள் அடைந்து கிடந்ததைப் பார்த்தவர் அவர். இன்னொரு முறை அதைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. போனை எடுத்தார்.

"சம்பந்தி, ஒரு சின்ன விஷயம். காய்ச்சலோட ஒரு லாரி நிக்குது. போறது உங்க பக்கத்துக்கு. அதனால அறிவிக்கிற பெருமை உங்களுக்குத்தான் வந்து சேரணும்."

"ஐயையோ, என்ன இப்படிச் சொல்லிட்டீங்க! காய்ச்சல் வந்தது உங்க பக்கத்துல. கண்டுபிடிச்சது உங்க பொண்ணு. நீங்கதான் முதல்ல, சம்பந்தி."

"பொண்ணு குடுக்கிறவங்க நாங்க. உங்களை முந்திக்கிட்டா மரியாதையா இருக்குமா?"

"உங்க பெருமையை நாங்க பிடுங்கிக்கிட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க."

போன் சூடாகும்வரை உபசாரம் நடந்தது. பிறகு இருவரும் செயலில் இறங்கினார்கள். நோயாளி எந்த மண்ணில் நிற்கிறாரோ அந்த மண்தான் அறிவிக்க வேண்டும் என்பதால், இக்கரைக் காவலர்கள் லாரியை மிகுந்த மரியாதையுடன் அக்கரைக்கு அனுப்பினார்கள். அக்கரைக் காவலர்கள் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அதைவிட மரியாதையுடன் திருப்பி அனுப்பினார்கள். மாலையில் லாரி பாலத்தின் நட்டநடுவில், எல்லைக்கோட்டின் மேல் நின்றது. முன்சக்கரம் ஒரு நாட்டில், பின்சக்கரம் மறு நாட்டில்.

"ஐயா, தலை வெடிக்குது. ஏதாவது ஒரு பக்கம் இறக்கி விடுங்களேன்" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. ரெண்டு அரசாங்கமும் உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கு" என்றார் ஒரு காவலர்.

"எனக்கு அரசாங்கம் எதுக்குங்க? ஒரு மாத்திரை போதும்."

"மாத்திரை குடுத்தா நோய் இருக்குன்னு நாங்க ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே!"

டிரைவர் பின்பக்கம் ஏறி, சரக்கின் மேல் படுத்துவிட்டார். சரக்கு மெத்தையும் தலையணையும். எல்லாம் அக்கரைக் கல்யாண மண்டபத்தில் விருந்தாளிகள் படுப்பதற்காகப் போய்க்கொண்டிருந்தவை. ஒன்றில் வியர்த்துப்போனால் இன்னொன்றுக்கு மாறி, ஏறக்குறைய எல்லாவற்றிலும் புரண்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை காய்ச்சல் தானாக இறங்கியது. நேர்மையான மனிதர், சரக்கை உரிய இடத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். 'பருவகாலத் தோல் அசௌகரியம் தன்னியல்பாகத் தணிந்தது' என்று இரு அதிகாரிகளும் மேலிடத்துக்குத் தெரிவித்தார்கள்.

ஞாயிறு காலை, மணப்பெண் அறையிலிருந்து அதிகாரியின் மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க, பொண்ணு கழுத்தைப் பாருங்க. ஒரே சிவப்பு!"

மகள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கண்கள் காய்ச்சலில் பளபளத்தன.

"அன்னைக்கே சொன்னேன்லப்பா? இப்பவாவது அறிவிங்க. இத்தனை பேரும் சாப்பிட்டுட்டு ஊர் ஊராக் கிளம்பிடுவாங்க."

அதிகாரி மகளின் நெற்றியைத் தொட்டார். கை சுட்டது. அந்த ஒரு நிமிஷம் அவர் அதிகாரியாக இல்லை, வெறும் அப்பாதான். 'அறிவித்துவிட வேண்டியதுதான்' என்று போனை எடுக்கும்போது சம்பந்தி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சம்பந்தி! என் பையனுக்கும் புள்ளி வந்திருக்கு!"

"நிஜமாவா?"

"முதுகு பூரா!"

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இனி யாரும் முதல் இல்லை, யாரும் இரண்டாவது இல்லை. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கடைசி விருந்தாளியும் விமானம் ஏறிய பிறகு, இரண்டு அலுவலகங்களும் ஒரே நொடியில் அறிவித்தன.

உலக உயர்மட்டக் குழு உருகிப்போயிற்று. முதல் நாடு இல்லாததால் எந்த எல்லையையும் மூட வேண்டாம். இரண்டாவது நாடு இல்லாததால் யாருக்கும் மருந்தும் அனுப்ப வேண்டாம். இவ்வளவு சிக்கனமான, மனக்கசப்பில்லாத ஒரு நெருக்கடியை அவர்கள் கண்டதே இல்லை. உடனே விதிகளை மறுபடியும் பலப்படுத்தினார்கள். இனி எந்த நாடும் முந்தக் கூடாது. நோய் எல்லா நாட்டையும் எட்டிய பிறகு, எல்லாரும் சேர்ந்து அறிவித்தால் போதும். வழிகாட்டிய நம் அதிகாரியைப் பாராட்ட அதே பெரிய மண்டபத்தில் விழா வைத்தார்கள்.

காய்ச்சல் தணியாத மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் அவர் மேடை ஏறினார். மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் குழுத் தலைவரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, பாராட்டெல்லாம் இருக்கட்டும். என் பொண்ணுக்குக் கொஞ்சம் மருந்து..."

"அடடா, மருந்து இரண்டாவது நாட்டுக்குத்தானே?"

"அப்ப யாராவது ஒருத்தர் இரண்டாவதா இருக்கக் கூடாதுங்களா?"

"நீங்க போட்டுக் குடுத்த விதிதானே? அதுல அப்படி ஒருத்தருக்கு இடமே இல்லையே!" என்றார் தலைவர் பெருமையாக.

சபை முழுவதும் எழுந்து நின்றது. எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் முகம் மலரக் கைதட்டினார்கள். ஆனால் சத்தமே வரவில்லை. ஆளுக்கு ஒரு கைதான் ஓய்வாக இருந்தது. மற்றக் கை கழுத்தையோ முதுகையோ சொறிந்துகொண்டிருந்தது.

அதிகாரியும் குனிந்து வணக்கம் சொன்னார், ஒரு கையால்.