காயில்காரரின் இத்தாலி பாஷை

இத்தாலி பாஷையை அத்தனை மரியாதையாகப் பேசும் ஒரு மனிதர் இத்தாலியிலேயே பிறந்திருக்க முடியாது. அவர் கிணத்துக்கடவில் பிறந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெரிய பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் காயில்காரர். எரிந்துபோன பம்பு செட் மோட்டார்களைப் பிரித்து, புதிதாகக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுப்பது அவர் தொழில்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் எனக்கு ஒரு கடை இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட டெலிபோன் பூத். பின்பக்கம் பிளைவுட் தடுப்புகளுக்குள் நாலு கம்ப்யூட்டர். 'பிரவுசிங் சென்டர்' என்று போர்டு மாட்டியிருந்தேன். இன்டர்நெட் லைன் கிடைப்பதற்குள் பக்கத்து பேக்கரியில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். காயில்காரரின் பட்டறை எனக்கு எதிர்வரிசையில் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கையெல்லாம் வார்னிஷோடு வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, இத்தாலிக்கு லைன் கெடைக்குமுங்களா?"

அவருடைய ஒரே மகள் சகாயமேரி கன்னியாஸ்திரி. இத்தாலியில் ஏதோ மலையோரச் சிற்றூர் மடத்தில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவள் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னபோது இவர் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். வீட்டில் பெரிய சண்டை. "போறவ போயிக்கோ, எனக்குப் புள்ளையே இல்லைன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் ரயிலேறிய நாளில் ஸ்டேஷனுக்குப் போகாமல் பட்டறையில் உட்கார்ந்து காயில் கட்டியிருக்கிறார். அப்புறம் மூன்று வருஷமாக அம்மாவுக்கு மட்டும் கடிதம் வரும். அந்தம்மா சத்தம் போட்டுப் படிப்பார், இவர் காது கேட்காதவர் மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். கடைசியாக வந்த கடிதத்தில் ஒரு வரி, 'அப்பாவுக்கு இருமல் தேவலையா?' அந்த ஒரு வரிதான் மனிதரை என் கடைக்குக் கூட்டி வந்தது.

லைன் கிடைத்தது. மடத்தின் வாசலில் போனெடுத்துப் பேசும் பெரிய சிஸ்டர் ஒருவர், குரலை வைத்துப் பார்த்தால் எழுபது வயதிருக்கும், ஏதோ கேட்டார். அவருக்கு இத்தாலி பாஷை தவிர வேறு தெரியாது. இத்தாலி தூரம் என்பதால் நம்மவர் தூரத்துக்குத் தகுந்த மாதிரி கத்தினார்: "சகாயமேரீ! சகாயமேரீங்க!" சிஸ்டர் பட்டென்று போனை வைத்துவிட்டார். மூன்று முறை கத்தினார், மூன்று முறையும் வைத்துவிட்டார். ரோட்டில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது, காயில்காரருக்கு வரவில்லை.

"அந்தம்மா மேல தப்பில்லீங். வாசல்ல வந்து நின்னுட்டு ஆரோ ஒருத்தன் பேரச் சொல்லிக் கத்துனா எந்த ஊட்டுலதான் கதவத் தொறப்பாங்க? அவங்க பாஷைல நாலு வார்த்தை மரியாதையாப் பேசோணும்."

"எதுக்குங்ணா? பொண்ணுக்கு ஒரு லெட்டர் போட்டு, இன்ன நேரத்துக்குப் போன் பக்கத்துல இருன்னு சொல்லிட்டாப் போச்சு" என்றேன்.

"அவளப் போகச் சொன்னது நானுங்க. நான்தான் போயிக் கதவத் தட்டோணும்."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேற்கொண்டு வாதாட முடியவில்லை. உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்துத் தேடினேன். இத்தாலி பாஷையை இலவசமாகச் சொல்லித் தரும் பக்கம் ஒன்று அகப்பட்டது. மொத்தம் இருபது பாடம். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பெண் குரல் வாக்கியங்களைப் படிக்கும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இலவசம் என்றதும் எழுந்துவிட்டார். "ஓசியாங்க? வாத்தியாருக்கு ஒண்ணுமே வெக்காம எப்படிங்க படிக்கறது?" மறுநாள் காலையில் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்புப் பூவன்பழம் கொண்டு வந்து மானிட்டர் முன்னால் வைத்தார். பக்கத்துத் தடுப்பில் ரிசல்ட் பார்க்க வந்த இன்ஜினியரிங் மாணவர்கள் சிரித்துச் சிரித்துக் கீழே விழாத குறை. அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. முதல் பாடம் முடிந்ததும் அந்தப் பழத்தை எடுத்து அவர்களுக்கே ஆளுக்கு ரெண்டாகக் கொடுத்தார்.

அந்தப் பெண் குரல் "போன்ஜோர்னோ" என்று வணக்கம் சொன்னால், இவர் எழுந்து நின்று "போன்ஜோர்னோங்க" என்பார். 'உங்கள் பெயர் என்ன?' என்று அது கேட்டால் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, இப்போது மழை இல்லை என்பது வரைக்கும் தமிழில் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியத்தைத் தட்டச் சொல்வார். "அது ரெக்கார்டுங்ணா" என்றேன் ஒருதரம். "இருக்கட்டுமுங்க, கேட்டாங்கல்ல?" என்றார்.

நாலாம் பாடம் ரயில் டிக்கெட் வாங்குவது. ஐந்தாம் பாடம் கடல் தெரிகிற மாதிரி ஓட்டல் அறை கேட்பது. ஆறில் மீன் குழம்போ என்னவோ ஆர்டர் செய்தார்கள். டெலிபோனில் பேசும் பாடம் பன்னிரண்டாவது. நேராக அதற்குப் போய்விடலாம் என்று நான் தலைகீழாக நின்று பார்த்தேன்.

"நடுவுல நாலு சுத்து உட்டுப்போட்டுக் காயில் கட்டுனா மோட்டார் என்னாகுமுங்க? எரிஞ்சுபோகும். பாஷையும் அப்படித்தானுங்க" என்று சொல்லிவிட்டு, கடலே பார்க்காத மனிதர் கடல் தெரியும் அறைக்காக ஒரு வாரம் மன்றாடினார்.

பட்டறையிலும் இதே கதைதான். கம்பி சுற்றும்போது உனோ, தூவே, த்ரே என்று இத்தாலியில் எண்ண ஆரம்பித்தார். சூலூரிலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர் தன் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது என்று சண்டைக்கு வந்தார். வயரை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்துபோகிற விஷயம். அவரோ, "தமிழ்ல எண்ணிச் சுத்தியிருந்தா ஒழுங்கா ஓடியிருக்குமுங்க, நீங்க வேத்துப் பாஷைல எண்ணி அதக் கொழப்பிப்போட்டீங்க" என்று சாதித்தார். காயில்காரர் பெருந்தன்மையோடு அதை அவிழ்த்து, அவர் கண் முன்னாலேயே தமிழில் எண்ணிச் சுற்றிக் கொடுத்தார்.

இப்படியாக இரண்டரை மாதம் போய்ப் பன்னிரண்டாம் பாடம் முடிந்தது. மறுநாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் படிய எண்ணெய் என்று வந்தார். பெண் பார்க்கப் போகிறவர் கெட்டார். சட்டைப் பையில் ஒரே ஒரு சீட்டு. 'நான் சிஸ்டர் சகாயமேரியின் அப்பா. தயவுசெய்து அவளிடம் பேசலாமா?' என்பது இத்தாலியில், தமிழ் எழுத்தில்.

நான் பூத்துக்கு வெளியே கண்ணாடியை ஒட்டி நின்றுகொண்டேன். பெரிய சிஸ்டர்தான் எடுத்தார். "போன்ஜோர்னோங்க" என்று இவர் ஆரம்பித்தார். தான் யாரென்று சொன்னார். சுகமா என்று கேட்டார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். அந்தப் போனில் இத்தனை வருஷமாக யாரும் அந்தம்மாவிடம் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. அந்தப் பக்கம் மடை திறந்துவிட்டது. இவருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும் தலையை ஆட்டி, "ஸீ, ஸீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மீட்டர் ஓடியது. பொண்ணைக் கேளுங்க, பொண்ணைக் கேளுங்க என்று நான் கண்ணாடியைத் தட்டினேன். அப்போது அந்தம்மா ஏதோ கேட்க, இவர் பதறி, "நோ, நோ" என்றார். கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது. அப்புறம் விடைபெற்று, போனை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"ஜினோக்கியோ, ஜினோக்கியோன்னு சொன்னாங்க தம்பி. என்னன்னு பாருங்க."

இலவச அகராதிப் பக்கத்தைத் திறந்து தேடிப் பார்த்தேன். முழங்கால்.

"பாத்தீங்களா! முட்டி வலியாட்டமிருக்குது. நல்லவேளை நான் கேக்கல. அந்தக் காலோட மாடியேறிப் போயிக் கூட்டியாரச் சொன்னாப் பாவமல்லங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "அவங்களே கூப்பிடட்டுமான்னு கேட்டிருப்பாங்க, நீங்க நோ நோன்னீங்க. வெளிய வரைக்கும் கேட்டுச்சுங்ணா. முட்டியுமில்ல, ஒண்ணுமில்ல. உங்களுக்குப் பயம். பாடத்த வரிசையாத்தான் படிப்பேன்னு இழுத்ததும் அதுக்குத்தான்."

அவர் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

பத்து நாள் வரவில்லை. எதிர்வரிசையில் பட்டறை திறந்திருந்தது, ஆனால் எண்ணுகிற சத்தம் எந்தப் பாஷையிலும் கேட்கவில்லை. என் வாயை என்ன செய்வது? அப்பா வயதுக்காரரை நடுக்கடையில் வைத்துக் கேட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தினமும் கிளம்புவேன். பேக்கரி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்படிப் பார்த்தால் எனக்கும் பயம்தான்.

பதினோராம் நாள் அவரே வந்தார். வார்னிஷ் கையோடு, பட்டறைச் சட்டையோடு.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க. அவ எடுத்து, எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு கேட்டுப்போட்டா நான் என்ன சொல்றதுங்க? லைன் போடுங்க."

போட்டேன். "போன்ஜோர்னோங்க" என்று சொன்னதுதான் தாமதம், பெரிய சிஸ்டர் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். சாப்பாடு ஆயிற்றா என்று இவர் கேட்பதற்குள் "உன் மொமென்தோ", ஒரு நிமிஷம், என்று சொல்லி, ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

காயில்காரர் கதவைத் திறந்து பரிதாபமாக என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தம்மா போயிட்டாங்க! கூப்பிடறதுக்கே போயிட்டாங்க! வெச்சுரட்டுங்களா?"

"வெச்சீங்கன்னா இனி இந்தக் கடைக்குள்ள உடமாட்டேன்" என்று கதவைச் சாத்தி, வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மாடிப்படி, முட்டி வலி. அந்தம்மா ஏறி இறங்குவதற்குள் எனக்கே இருமல் வந்துவிட்டது. அப்புறம் ரிசீவரில் ஏதோ சத்தம்.

அவர் விறைத்து நின்றார். சீட்டை எடுக்கக்கூட இல்லை. மனப்பாடமாக ஒப்பித்தார்: வணக்கம், நான் சிஸ்டர் சகாயமேரியின் அப்பா, தயவுசெய்து அவளிடம் பேசலாமா. எல்லாம் இத்தாலியில். மகளிடமே.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கம் அவள் சிரிக்கவில்லை, போனையும் வைக்கவில்லை. அவளும் இத்தாலியிலேயே பதில் சொல்லியிருக்கிறாள். நான்தான் பேசுகிறேன், நீங்கள் சுகமா? சுகம், நீ சுகமா? சுகம். அங்கே குளிரா? ஆமாம், குளிர். சாப்பிட்டாயா? சாப்பிட்டேன். நீங்கள்? முதல் பாடத்திலிருந்து மூன்றாம் பாடம் வரை ஒரு வரி விடாமல் அப்பனும் மகளும் பேசிக்கொண்டார்கள். இரண்டரை மாதம் அந்தப் பாடங்களைத் தினமும் கேட்டதில், இவர் பேசியதை வைத்தே எனக்கும் எல்லாம் புரிந்தது. தமிழில் ஒருவரை ஒருவர் எவ்வளவோ சொல்லிவிட்டார்கள். இத்தாலியில் அவர்களுக்குள் ஒரு சண்டையும் இன்னும் நடந்திருக்கவில்லை.

மூன்றாம் பாடத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஸ்டேஷனுக்கு வந்துருக்கோணும் கண்ணு" என்றார்.

நான் கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளே போய் ஏதோ வேலை இருப்பது போல் உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து அவர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வார்னிஷ் கையால் முகத்தைத் துடைத்து முகமெல்லாம் கறை.

"பதிமூணாவது பாடத்தப் போடுங்க தம்பி."

"இன்னும் எதுக்குங்ணா?"

"அந்தம்மாகிட்ட முட்டி வலி தேவலைங்களான்னு கேக்கோணுமல்லங்க."

இன்டர்நெட்டுக்கு லைன் போட்டேன். வழக்கம் போலக் கிடைக்கவில்லை. கிடைக்காமலே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அன்றைக்கு அவ்வளவு பிடித்திருந்தது.