ஐந்து கட்டங்களும் ஒரு பின்பக்கமும்

இரண்டு நாள் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய சூப்பர்வைசர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி இந்த வீட்டில் எந்தப் பிரச்சினையும் ஒரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது.

அவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. சரக்கு அனுப்பும் பிரிவு. பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுப் போய் இரண்டு மாதமாக அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. சூப்பர்வைசர் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கைக்குட்டையால் தூசி தட்டிவிட்டுப் போவார். உட்காரப் போகிறவர் தட்டாமல் வேறு யார் தட்டுவது?

ஆனால் அங்கே சூப்பர்வைசர்கள் மூன்று பேர். மேனேஜர் மூவரையும் பிரச்சினை தீர்க்கும் பயிற்சிக்கு அனுப்பினார். நிரப்பித் தர ஆளுக்கொரு பாரமும் கொடுத்தார். "ஆளுக்கு ஒரு பிரச்சினையை எடுத்துத் தீர்த்து, திங்கட்கிழமை கொண்டு வாங்க. யாரோடது நல்லா இருக்கோ, அவங்களுக்குத்தான் நாற்காலி."

முறை என்னவோ சுலபம்தான். ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு 'ஏன்?' என்று கேட்க வேண்டும். வருகிற பதிலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் 'ஏன்?'. ஐந்து தடவை கேட்டால் அடிவேர் கையோடு வந்துவிடும். பாரத்தில் அதற்கு ஐந்து கட்டங்கள். கீழே பாதிக்கப்பட்டவர் கையெழுத்து. பதில் எந்தப் பக்கம் போனாலும் கூடவே போக வேண்டும், பாதியில் திரும்பக் கூடாது என்றும் பயிற்சியாளர் சொன்னார். அந்த நேரம் பார்த்து நம்மவர் பிஸ்கட் தட்டின் பக்கம் போயிருந்தார்.

தொழிற்சாலைப் பிரச்சினைகளில் மற்ற இருவரும் ஏற்கெனவே தலையைக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அவர் வீட்டுப் பிரச்சினை ஒன்றை எடுத்தார். தினமும் வேலைக்குப் பத்து நிமிடம் தாமதம். காரணம், சாப்பாட்டு டப்பா தாமதம். டப்பா கட்டுவது மனைவி. இதற்கு எதற்கு ஐந்து 'ஏன்', இரண்டே போதும் என்று நினைத்தார். பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாரமும் பேனாவுமாகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

"இந்தா, கொஞ்சம் உக்காரு. ஆபீஸ் விஷயம்."

"உக்காந்தா கேரட்டை யாரு நறுக்கறது?"

"சரி, நறுக்கிக்கிட்டே சொல்லு. சாப்பாட்டு டப்பா தினமும் ஏன் லேட்டாகுது?"

"அடுப்புல ஒரு பர்னர்தான் எரியுது. ஒண்ணை இறக்கினாத்தானே இன்னொண்ணை ஏத்த முடியும்?"

முதல் கட்டம் நிரம்பியது. அவருக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

"இன்னொரு பர்னர் ஏன் எரியலை?"

"ரிப்பேர் பண்ணலை."

"ஏன் பண்ணலை?" நீதிபதியின் குரல் தன்னால் வந்துவிட்டது.

"ரிப்பேர்காரர் மூணு தடவை வந்தாருங்க. மூணு தடவையும் 'இது என்ன பெரிய வித்தை, நானே பாத்துக்கறேன்'னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க."

பேனா தயங்கியது. ஆனாலும் முறை முறைதான்.

"அப்ப நான் ஏன் பாக்கலை?"

"அதையும் என்னைத்தான் கேக்கறீங்களா?"

"ரூல் அப்படி. நான் கேக்கணும், நீ பதில் சொல்லணும்."

"கல்யாணம் ஆனதுலேருந்து அந்த ரூல்தானே. உங்களுக்கு நேரம் எங்க இருக்கு? தப்பு லேபிள் ஒட்டின பெட்டியெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு, சாயங்காலம் ஏழரை வரைக்கும் திரும்ப ஒட்டிக்கிட்டு இருக்கீங்க."

"லேபிள் ஏன் தப்பாகுது?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டது. கேரட் நறுக்கிய கத்தி நின்றது.

"லேபிள் மேஜையில நின்னு சரிபாத்த ஆள் இப்ப இல்ல. அதான்."

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்த மேஜையில் நின்றவர் அவருடைய மனைவிதான். அந்த நாட்களில் ஒரு பெட்டிகூடத் தப்பு ஊருக்குப் போனதில்லை.

"சரி, சரி. அஞ்சு கட்டம் முடிஞ்சுது" என்று அவசரமாகப் பேனாவை மூடினார்.

"அந்த ஆள் ஏன் இல்லன்னு கேக்கலையே?"

"கட்டம் இல்லையே."

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு?"

அவர் திருதிருவென்று முழித்தார். "பொண்ணு சின்னவளா இருந்தாளே, வீட்டைப் பாக்க ஆள் வேணும்னு அப்பவே பேசிக்கிட்டோம்ல?"

"பேசிக்கிட்டோமா? நீங்க பேசினீங்க. நான் கையெழுத்துப் போட்டேன்."

அது உண்மை. ராஜினாமாக் கடிதத்தை அவரே அழகாக எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் புள்ளியும் வைத்துக் கொடுத்தார். ஆனால் பெண் சின்னவள் என்பது காரணமில்லை. அதற்கு முந்தைய நாள் மேனேஜர் மேஜையில் பதவி உயர்வுப் பட்டியல் கிடந்தது. மனைவியின் பெயர் மேலே, அவருடைய பெயர் கீழே. இடையில் ஒரே ஒரு வரி வித்தியாசம். அந்த ஒரு வரியைத் தாங்க அவருக்கு மனசு பத்தவில்லை. எட்டு வருடமாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட முழுசாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அன்று மதியமே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டார். பர்னர் எரிந்தது. கடைசி மூன்று கட்டங்களில் வெள்ளை மை தடவினார். 'காரணம்: சிறு பழுது. தீர்வு: பர்னர் மாற்றப்பட்டது.' வெள்ளை மையின் கீழே மனைவி சொன்னது இன்னும் மங்கலாகத் தெரிந்தது. மேலும் ஒரு பூச்சு பூசினார். மனசுக்கு என்னவோபோல் இருந்தது.

"இங்க ஒரு கையெழுத்து."

"வெச்சுட்டுப் போங்க. கை ஈரமா இருக்கு."

திங்கட்கிழமை சாப்பாட்டுப் பையில் பாரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. திருப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் திருப்பிப் பார்த்தார்.

பின்பக்கம் முழுக்க குண்டு குண்டான எழுத்து. 'பெரிய லேபிள், சின்ன லேபிள் இரண்டு சுருளும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. அவசரத்தில் கை மாறுகிறது. முன்பு சின்னச் சுருளுக்கு நான் தனிக் கம்பி வைத்திருந்தேன். இப்போது அந்தக் கம்பியில் சூப்பர்வைசரின் மழைக்கோட்டு தொங்குகிறது. கோட்டை எடுத்துவிட்டால் போதும்.'

கோட்டு மாட்ட நல்ல இடம் கிடைத்ததென்று போன மழைக்காலத்தில் வீட்டில் பெருமையடித்துக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"இது யாரோட யோசனை?" என்றார் மேனேஜர்.

'என்னோடதுதான்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாற்காலி அவ்வளவு பக்கத்தில் இருந்தது. மேனேஜர் அறைக் கண்ணாடி வழியாக லேபிள் மேஜையும் தெரிந்தது. யாருமே நிற்காத மேஜை.

"என் வீட்டுக்காரியோடது சார்."

"தெரியும். கீழே பேரும் போன் நம்பரும் எழுதியிருக்காங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்தேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் சட்டைகூட மாற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"மேனேஜர் போன் பண்ணினாரா?"

"பண்ணினாரு."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த லிஸ்ட்ல உன் பேரு என் பேருக்கு மேல இருந்துச்சு. அதனாலதான் உன்னை வேலையை விடச் சொன்னேன். பொண்ணு காரணமில்ல."

"தெரியும். அந்த லிஸ்ட்டை நானும் பாத்தேன்."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டே? ஏன்?"

"நீங்களா ஒருநாள் வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். எட்டு வருஷம் ஆகும்னு நினைக்கலைங்க."

பயிற்சியில் இதற்குக் கட்டம் எதுவும் கொடுக்கவில்லை. மனைவி திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. மனைவியோ தன்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்து, சாப்பாடு போட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி. வீட்டில் இப்போது இரண்டு பர்னரும் ஜோராக எரிகின்றன. முன்னால் நிற்கிற ஆள்தான் மாறிவிட்டார். பிரிவுத் தலைவர் எல்லாருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறக்க வேண்டும் அல்லவா? சூப்பர்வைசர் ஒன்றைத் தீய்த்து, இன்னொன்றைப் பொங்கவிட்டு, இரண்டு டப்பாவையும் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடினார்.

மழைக்கோட்டை எங்கே மாட்டுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பிரிவுக்குள் நுழைந்தார். அவர் இரண்டு மாதம் தூசி தட்டிய நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தார். முன்னால் புத்தம்புதிய பாரம் ஒன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாகப் பத்து நிமிடத் தாமதம்.

"வாங்க சார்" என்று பேனாவைத் திறந்தார். "ஏன் லேட்டு?"

இன்னும் நாலு 'ஏன்' பாக்கி இருந்தது.