மூன்று சொட்டுத் தண்ணீர் வாரியம்

உலகத்திலுள்ள அத்தனை அணைகளையும் கால்வாய்களையும் தூக்கிச் சாப்பிட்ட பெருமை, சீனாவின் கான்சு மாகாணத்து ஹூங்யா நகரத் தண்ணீர் வாரியத்தையே சேரும். அதற்கு அவர்கள் செலவழித்தது வெறும் மை.

சீன எழுத்தில் ஆறு, ஏரி, கடல் எதை எழுதினாலும் இடது ஓரத்தில் மூன்று சொட்டு வைப்பார்கள். பிறந்த நேரத்தில் நீர் குறைவென்று ஜோசியர் சொன்னால், அந்தச் சொட்டுள்ள பெயராகப் பார்த்துப் பிள்ளைக்குச் சூட்டுவதும் வழக்கம்தான். ஏப்ரலில் வரும் கல்லறை துடைக்கும் திருநாளிலிருந்து கிழக்குத் தெருக் குழாய்களில் காற்று மட்டுமே வந்தபோது, வாரியம் ஒன்பது கூட்டம் போட்டுத் தன் ஜாதகத்தையே பார்த்துக்கொண்டது. ஊழியர்கள் இருபத்துமூன்று பேரும், ஆளுக்கு இரண்டு சொட்டெழுத்து வரும்படி பெயர் மாற்றினார்கள். தலைவர் கௌ, 'கடலலை' என்று பொருள்படும் ஹாய்தாவ் ஆனார். சொட்டுகளின் 'கையிருப்பு' நூற்று முப்பத்தெட்டு என்று வாசலில் பலகை வைத்தார்கள்.

தோஃபு செய்து விற்கும் துவான் யென்னுக்குத்தான் இந்த மகிமை விளங்கவில்லை. சோயா ஊறப்போடத் தண்ணீர் இல்லை. வெள்ளிக்கிழமை தோஃபு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷ வாடிக்கை.

வாரியத்தில் முறையிட்டாள். தலைவர் அவள் பெயரை நெடுநேரம் ஆராய்ந்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, உங்க பேரெழுத்தோட ஓரத்துல சொட்டுக்குப் பதிலா தீ எரியுது. நாங்க அனுப்பிக்கிட்டுதான் இருக்கோம். உங்க வாசல் வந்ததும் ஆவியாப் போயிடுது."

"சரி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு?"

"அனல் அடிக்காதா?"

தெருவே அவளை முறைத்தது. முடிவெட்டும் சூ, தன் கடையில் சவரத்துக்குத் தண்ணீரில்லாமல் ஊரார் தாடி வளர்வதற்கும் அவள்தான் காரணம் என்றார். பாவம், அவளும் பெயர்ப் பதிவு நடக்கும் போலீஸ் நிலையத்தில் வரிசையில் நின்று, 'ஈரம்' என்று பொருள்படும் ருன் எனப் பெயரை மாற்றிக்கொண்டாள். வியாழக்கிழமை காலை ஆசையோடு குழாயைத் திறந்தாள். அது ஒருமுறை இருமியது.

வாளியும் கையுமாக வாரியத்துக்குப் போனாள். அங்கே பட்டாசு வெடித்துத் திறப்பு விழா. சிவப்புத் துணி விலகியதும், முற்றத்தில் ஆள் உயரத்துக்கு மூன்று கல் சொட்டுகள், மூன்றிலிருந்தும் நீரூற்று. அதற்குக் கிழக்குத் தெருப் பக்கமிருந்து புத்தம்புதுக் குழாய் ஒன்று வந்திருந்தது. தொடை தடிமன்.

தலைவர் அவளுக்கு 'முன்மாதிரிக் குடிமகள்' சான்றிதழ் கொடுத்தார். அவள் அதை இடுக்கிக்கொண்டு, வாளியை மூன்றாம் சொட்டின் கீழே வைத்தாள்.

"அக்கா, எடுங்க. அது எழுத்து. அதுல வாளி வைக்கக்கூடாது."

"எழுத்துதானே தலைவரே, படிச்சிட்டேன்," என்றாள் அவள், வாளி நிறையும்வரை நிமிராமல். "கிழக்குத் தெருத் தண்ணின்னு போட்டிருக்கு."