தோற்கப் புறப்பட்ட சுயேச்சை

இந்தத் தேர்தலில் எப்படியாவது தோற்றே தீருவது என்று சுயேச்சை முடிவு கட்டினார்.

இதில் முடிவு கட்ட என்ன இருக்கிறது, அவர்தான் எப்போதும் தோற்கிறவராயிற்றே என்று அந்த வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மைதான். மாநகராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் அவர் நிற்பார். நின்றால் மண்ணைக் கவ்வுவார். எந்தக் கட்சியும் அவரைச் சேர்த்துக்கொண்டதில்லை. அவரும் எந்தக் கட்சியையும் மதித்ததில்லை. தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஓட்டுச்சீட்டில் மட்டும் வந்து போகும். தெருவுக்கு அவர் சுயேச்சை. வீட்டுக்குள் அவர் இஷ்டத்துக்கு ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆனால் இதுவரை ஜெயிப்பதற்காக நின்று தோற்றார். இந்த முறை தோற்பதற்காகவே நின்றார். அதற்குக் காரணம் உள்ளறையில் படுத்திருந்தாள்.

அவர் மனைவி தையல்காரி. வாசல் அறையில் மிஷின். அறுந்த ஜிப், நீளம் குறைக்க வேண்டிய பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை என்று பெண்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வார்டுக்கே அவள் அக்கா. பிள்ளைகள் இல்லாத வீடு. ஆனால் வெறிச்சென்று கிடந்ததே இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் புருஷனின் துணி பேனர்களுக்கு ஓரம் அடித்துக் கொடுப்பவள் அவள்தான். தோற்றபின் அவற்றைப் பிரித்துத் தலையணை உறை தைப்பவளும் அவள்தான். ‘உங்கள் வீட்டுப் பிள்ளை’ என்ற எழுத்தின் மேல் தலைவைத்தே அவர் பல வருஷம் தூங்கியிருக்கிறார்.

இந்த முறை மனுத் தாக்கல் செய்த கையோடு அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார். சில மாதங்கள்தான், இனி மருந்தெல்லாம் வலிக்குத்தான் என்றார். வேட்புமனுவைத் திரும்பப் பெற அன்றுதான் கடைசி நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த சுயேச்சைக்கு அது ஞாபகம் வந்தபோது அலுவலகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

வழக்கம்போல் சும்மா இருந்தாலே தோற்றுவிடலாம்தான். ஆனால் இந்த முறை ஆபத்து இருந்தது. நடப்புக் கவுன்சிலரான பெயிண்ட் கடைக்காரர் பெயரைக் கேட்டாலே வார்டு எள்ளும் கொள்ளுமாக வெடித்தது. அந்தக் கோபத்தில் தவறிப்போய்த் தன்னை ஜெயிக்க வைத்துவிட்டால்? கூட்டம், குழாய், திறப்பு விழா என்று ஊர் அவரைப் பிடுங்கித் தின்றுவிடும். அவளுக்கு மிச்சமிருந்த நாட்களில் ஒன்றைக்கூட ஊருக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

“நான் பிரசாரத்துக்குப் போகலை,” என்றார்.

“ஏன்?”

“உன்கூட இருக்கேன்.”

“இருந்து என்ன பண்ணுவீங்க?”

“பாத்துக்குவேன்.”

“நேத்து பாத்துக்கிட்டீங்களே. வெந்நீர் வைக்கிறேன்னு போய்ப் பாத்திரத்தைக் கருக்கினீங்க. வெந்நீரைத் தீய விட்ட ஆளை நான் இப்பதான் பாக்கறேன்.”

“ஏதோ யோசனையில இருந்துட்டேன்.”

“யோசனையைத் தெருவுல போய்ப் பண்ணுங்க. என்னைப் பாக்க நாலு பேரு வர்றாங்க. நீங்க நடுவுல உக்காந்து மூக்கை உறிஞ்சறீங்க. அவங்களும் எழுந்து போயிடறாங்க. கிளம்புங்க, கிளம்புங்க.”

கிளம்பினார். போகிறதுதான் போகிறோம், உருப்படியாகத் தோற்றுவிட்டு வருவோம் என்று ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டார்.

“நான் ஜெயிச்சா ஒண்ணும் செய்ய மாட்டேன்!” என்று தெருமுனையில் நின்று கத்தினார். “ஆபீஸ் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்! என் வீட்டுக் கதவைத் தட்டாதீங்க!”

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இஸ்திரிக் கடைக்காரர் ஓடி வந்தார். “கை வலிக்கப் போகுதுண்ணே. குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்,” என்று ஒலிபெருக்கியைத் தாங்கிப் பிடித்தார். திட்டுகிற ஆளுக்குக் கை வலிக்கக் கூடாதே என்ற கரிசனம் சுயேச்சைக்கு விளங்கவில்லை.

அடுத்து ரொட்டிக்கடை. அந்த ரொட்டிக்கடைக்காரர் மூக்குக்கு மேல் கோபம் உள்ளவர். வரி கேட்டு வந்த அதிகாரியை மாவுச் சட்டியோடு துரத்தியவர். சுயேச்சை நேராகப் போய் நின்றார்.

“உங்க ரொட்டி செங்கல்லு மாதிரி இருக்கு.”

“அப்படியாண்ணே?”

“நான் ஜெயிச்சா முதல் வேலையா இந்தக் கடைக்குப் பூட்டுப் போடுவேன்.”

“சரிண்ணே. அக்கா மெல்லறதுக்கு மெத்துனு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். மறக்காம வாங்கிட்டுப் போங்க.”

ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அது கையில் சூடாக இருந்தது. அவள் ஒரு விள்ளல் தின்றாள். அதுவே அன்றைக்கு அதிகம்.

கடைசி நம்பிக்கையாகப் பெயிண்ட் கடைக்குப் போனார். பெயிண்ட் கடைக்காரர் டப்பாவைத் திறந்து சாயம் கலக்கிக்கொண்டிருந்தார்.

“என்னைப் பத்தி மேடையில நல்லாத் திட்டுங்க,” என்றார் சுயேச்சை. “வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க. மறதின்னு சொல்லுங்க. வெந்நீர்கூட வைக்கத் தெரியாதுன்னு சொல்லுங்க.”

“என்ன தந்திரம் இது?”

“தந்திரம் இல்லைங்க. நீங்க ஜெயிக்கணும்.”

“ஓஹோ! வீட்டுல இப்படி ஒரு கஷ்டம் இருக்கறப்ப நான் உங்களைத் திட்டணும், ஊரு என் மூஞ்சியில காறித் துப்பணும், அனுதாப ஓட்டு மொத்தமும் உங்களுக்கு. யாருகிட்ட? நான் புகழ்ந்துதான் பேசுவேன். உங்களால ஆனதைப் பாருங்க!”

சொன்னபடியே அன்று மாலை மேடையேறி, சுயேச்சையைப் போல் ஒரு உத்தமர் உண்டா என்று தொண்டை கிழியப் பேசினார். கூட்டம் கைதட்டியது. எதிரி நமக்கு ஓட்டுக் கேட்டுத் தருகிற கொடுமை எந்த வேட்பாளருக்கும் வரக் கூடாது.

ஓட்டுப் பதிவன்று தையல் வாடிக்கைக்காரிகள் அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சுயேச்சை பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு நடந்தார். உள்ளே போய்த் தன் ஓட்டைப் பெயிண்ட் கடைக்காரருக்குக் குத்தினார். அவர் ஓட்டுப் போட்ட ஆள் வழக்கம்போலவே தோற்றுப்போனார்.

ஓட்டு எண்ணிய இடத்தில் அவரைத் தோளில் தூக்கினார்கள். அவர் அழுதார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார்கள். ஒருவழியாக இறங்கி வீட்டுக்கு ஓடி வந்தார்.

“ஜெயிச்சுட்டேன்,” என்றார், வீட்டில் திருடு போய்விட்டது என்பது போல.

“தெரியும்.”

“அதுக்குள்ள யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? பாக்க வர்றவங்க எல்லாரும் கிளம்பறப்ப ஒண்ணு சொல்லுவாங்கல்ல, ‘ஏதாவது செய்யணும்னா சொல்லுங்கக்கா’ன்னு? சும்மா மரியாதைக்குச் சொல்றது. நான் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்ன?”

“என் வீட்டுக்காரரை ஜெயிக்க வைங்கன்னு. சாகப் போறவ கேட்டா யாரு மாட்டேன்னுவா?”

சுயேச்சை தலையில் அடித்துக்கொண்டார்.

“அடிப்பாவி. தோக்கறதுக்கு நான் என்ன பாடு பட்டேன் தெரியுமா?”

“தெரியும். ரொட்டிக்கடைக்காரர் இங்க வந்து அழுதாரு, அண்ணனுக்கு என் ரொட்டி பிடிக்கலையாம்னு. அதெல்லாம் பொய், நல்லாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பினேன்.”

“உன்கூட இருக்கணும்னுதானே நான்...”

“நீங்க என்கூட இருப்பீங்க. எனக்குத் தெரியாதா? நான் போனப்புறம் உங்ககூட யாரு இருப்பா?” அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “இந்த வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் மிஷினைத் தேடி வந்தவங்க. மிஷின் நின்னா கதவும் நின்னுடும். நீங்களா யார் வீட்டுக்கும் போக மாட்டீங்க. யாரும் எழுப்பலைன்னா எழுந்திருக்கக்கூட மாட்டீங்க. கவுன்சிலர்னா தண்ணி வரலைன்னாவது கதவைத் தட்டுவாங்க.”

அவர் கட்டில் ஓரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். கையில் எடையே இல்லை. இத்தனை வருஷம் ஊரை ஜெயிக்கப் போகிறேன் என்று சுற்றியவருக்கு, இவளிடம் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லையே என்று அப்போது தோன்றியது. இந்தத் தடவையாவது ஜெயித்திருக்கலாம் என்றும் ஆற்றாமையாக இருந்தது.

பதவி ஏற்றுக்கொண்டு வந்தவர் அதன்பின் மாநகராட்சிப் பக்கம் போகவில்லை. ஊரும் கூப்பிடவில்லை. பெண்கள் மட்டும் வந்து அவளோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நோயைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. வெந்நீர் வைக்கக் கற்றுக்கொண்டார். அவளுக்குத் தலைவாரிவிடக் கற்றுக்கொண்டார். ஒரு மத்தியானம் அவர் கையைப் பிடித்தபடியே அவள் போய்ச் சேர்ந்தாள்.

எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சுயேச்சை கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் விழுந்தார். இனி எழுந்திருப்பதில்லை என்று முடிவு கட்டினார். இந்த முடிவை மாற்ற இனி வீட்டில் ஆள் இல்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கதவு அதிர்ந்தது.

“கவுன்சிலரே! சாக்கடை அடைச்சுக்கிச்சு!” இஸ்திரிக் கடைக்காரரின் மனைவி.

“அப்புறம் வாம்மா.”

“எப்ப அப்புறம்? தெருவே நாறுது! ஓட்டு வாங்கறப்ப இனிச்சுது, சாக்கடைன்னதும் கசக்குதா?”

“எனக்கு முடியலைம்மா.”

“முடியாதவருக்குப் பதவி எதுக்கு? ராஜினாமா பண்ணிட்டுப் படுங்க!”

இடி விழுந்த வீட்டில் வந்து இப்படியும் ஒருத்தி பேசுவாளா? சுயேச்சைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தார். சட்டையைத் தேடி மாட்டினார். கதவைத் திறந்துகொண்டு அவளை முறைத்தபடியே தெருக்கோடிக்கு விறுவிறு என்று நடந்தார். குனிந்து பார்த்தார்.

சாக்கடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தானே ஓடுது?”

அவள் தரையைப் பார்த்தாள். “ஓடுதுதான்.”

“அப்புறம் எதுக்கும்மா அந்தக் கத்து கத்தின?”

“அக்கா சொல்லியிருந்தாங்க. சொந்தக்காரங்க கிளம்பின மறுநாள் காலையில போய்க் கூப்பிடணும், வரலைன்னா திட்டணும்னு. எனக்குத் திட்ட வராதுக்கான்னேன். எப்படித் திட்டணும்னு அவங்கதான் படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாங்க.” அதற்கு மேல் முடியாமல் அவள் அழுதுவிட்டாள். “மனசுல வச்சுக்காதீங்கண்ணே.”

சுயேச்சை சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்தார். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கேதான் உடைந்தது. அவர் அழுது முடிகிறவரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

“நாளைக்கு யாரு?” என்று கேட்டார், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

“மாடி வீட்டுக்காரங்க. தெருவிளக்கு எரியலைன்னு வருவாங்க.”

“அது எரியுதே.”

“எரியுதுதான். வந்து பாருங்க. டீ போட்டு வச்சிருப்பாங்க.”

“எத்தனை நாளைக்கும்மா இப்படி?”

“அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் ஆளாளுக்கு அக்கா முறை போட்டுட்டுத்தான் போயிருக்காங்க.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் நீங்க மறுபடியும் நிக்கணுமாம். அடுத்த தடவையாவது ஒழுங்கா ஓட்டுக் கேக்கணுமாம்.”